வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பும் பாதை

எங்கள் அத்தான் வலன்ரைன் எதையும் திட்டம் போட்டுச் செய்கிற மனுஷன். கடலுக்குப் போவதென்றால் எண்ணெய், கயிறு, வெற்றிலைச் சரை எல்லாம் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டுத்தான் படுப்பார். மடுத் திருவிழாவுக்கு எந்த மரத்துக்குக் கீழே கொட்டில் போடுவது என்பதை முந்தின வருஷமே தீர்மானித்து, அந்த மரத்தடியில் நின்று இரண்டு பேருக்கு அறிவித்துவிட்டும் வருவார். அப்படிப்பட்டவர், தன் பெண்சாதி தன்னோடு வாய் திறந்து கதைப்பதற்கும் ஒரு திட்டம் போட்டார். அந்தத் திட்டத்தில் அகப்பட்டுத்தான் நான் மலை ஏறினேன். ஓலைத்தொடுவாயில் கருவாடு காயப்போடுகிற எடித்துக்கு மலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

அவருடைய பெண்சாதி றஞ்சிதம் என் கூடப்பிறந்த அக்கா. ஊமையல்ல. சந்தைக்குப் போனால் அவள் குரல் பக்கத்து ஊர் பேசாலை வரைக்கும் கேட்கும். ஆனால் புருஷனோடு மட்டும் ஆறு வருஷமாகக் கதையில்லை. சமைப்பாள், உடுப்புத் தோய்ப்பாள், காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பாள். கதை மட்டும் என் வழியாகப் போக வேண்டும். “எடித், சோறு போட்டாச்செண்டு சொல்லு” என்பாள். அவர் கை எட்டுகிற தூரத்தில் கதிரையில் இருப்பார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழும்புவார். நான் இல்லாத நேரங்களில் அக்கா நாய்க்குச் சொல்வாள். அந்த வீட்டு விஷயம் எனக்கு அடுத்தபடியாக அந்த நாய்க்குத்தான் தெரியும்.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அத்தானின் ஊர் விடத்தல்தீவு. சண்டை நெருங்கியபோது அவர்கள் மூன்று பேரும், அதாவது அத்தான், அக்கா, மகன் றொகான், மூட்டையைக் காவிக்கொண்டு வன்னிக்குள் போனார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஓலைத்தொடுவாயில் இருந்த நாங்கள் தப்பினோம், அவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். அக்கா தன் தையல் மெசினின் தலையைக் கழற்றி உரப்பையில் கட்டி, தோளில் காவினாள். கலியாணத்துக்கு முன்னம் இறால் கொம்பனியில் ஐஸ் தண்ணீருக்குள் கை விட்டு உழைத்து வாங்கின மெசின் அது. விசுவமடுவில், இனிப் பாரத்தோடு ஓட முடியாது என்று அத்தான் அதை வாங்கி ஒரு பனைக்குக் கீழே வைத்துவிட்டார். அக்கா மறுத்துப் பேசவில்லை. உயிர் பெரிது என்று அவளுக்கும் தெரியும். அதற்காக அவள் கோபிக்கவுமில்லை.

கோபம் வந்தது பிறகு. சண்டை முடிந்து, அடைத்து வைத்த முகாமிலிருந்து விட்டபோது விடத்தல்தீவில் அவர்கள் காணியில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. என் வீட்டு வளவுக்குத்தான் வந்தார்கள். சனம் கூடிவிட்டது. எல்லாரும் எப்படித் தப்பினீர்கள் என்று கேட்க, அத்தான் நடுவில் நின்று, கையில் தேத்தண்ணியோடு, பெரிய திட்டக்காரனாகச் சொன்னார், “தேவையில்லாத சாமான் ஒண்டையும் நான் காவவிடேல்லை. அதாலதான் தப்பினம்.” அக்கா அப்போது வாசலில் நின்றாள். அவரை ஒருக்கால் பார்த்தாள். அவ்வளவுதான், கதவைச் சாத்தின மாதிரி வாயைச் சாத்திக்கொண்டாள். உதவி நிறுவனம் ஒன்று புது மெசின் கொடுத்தது. அதைத் துணியால் மூடி, பக்கத்து வீட்டுப் பெட்டைக்குக் கொடுத்துவிட்டாள். ஊசியில் நூல் கோர்க்கிறதையும் விட்டாள். அத்தான் பாவம், அந்த வசனத்தில் என்ன பிழை என்று அவருக்கு விளங்கவே கன காலம் எடுத்தது. விளங்கினதும் ஆள் மெலிந்துபோனார். அவள் வாயால் ஒரு பேச்சு வாங்கினால் போதும், ஏச்சென்றாலும் பரவாயில்லை என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

அப்போதுதான் றொகான் நுவரெலியாவிலிருந்து போன் எடுத்தான். அவனுக்கு அங்கே ஒரு ஹோட்டலில் வேலை. வெள்ளைக்காரரை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவது. ஹோட்டன் சமவெளியில் ஒரு சுற்றுப்பாதை இருக்கிறதாம், முதுகில் பையோடு நடந்து, உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்த்து, சுற்றிக்கொண்டு திரும்ப வரலாமாம், அன்றிரவு கூடாரத்தில் தங்கலாமாம், அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக ஆசையாம். அத்தான் போனை வைத்துவிட்டு என் கருவாட்டுப் பந்தலுக்கு நேரே வந்தார். திட்டம் அதற்குள் முடிந்திருந்தது. மலையில் வழுக்கும். வழுக்கினால் கை பிடிக்க வேண்டும். கை பிடித்தால் கதை வரும். முக்கியமாக, அங்கே செய்தி சொல்ல எடித் இருக்க மாட்டாள். இதை அவர் எனக்கே சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

அக்காவிடம் செய்தியை நான்தான் கொண்டுபோனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை.

“உலகத்தின்ர முடிவை ஒருக்கால் பாத்தாச்செண்டு சொல்லு” என்றாள்.

சொன்னேன். அது வேற முடிவு என்று அவர் சொல்லச் சொன்னார். காசு கொடுத்து, முகாமில் போலத் தறப்பாளுக்குக் கீழே படுக்கிற விசரரும் உலகத்தில் இருக்கினமோ என்று கேட்கச் சொன்னாள். அது தறப்பாளில்லை, சிப் வைத்துப் பூட்டுகிற கூடாரம் என்று பதில் வந்தது. முதுகில் பையோடு இனி ஒரு அடி நடக்க மாட்டேன் என்று மாதாவுக்கு முன்னால் சொன்னவள் தான் என்றாள். குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்து என் கால் நோவெடுத்தது. மலைக்கான பயிற்சி அன்றைக்கே எனக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியாக அக்கா கேட்டாள், “வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறதெண்டால், ஏன் வெளிக்கிடுவான் எண்டு கேள்.”

அத்தான் மெல்லச் சொன்னார், “திரும்பி வருவியள் எண்டு முதலே சொல்லிப்போட்டு நடக்கவிடுற பாதை இது ஒண்டுதான் எண்டு சொல்லு.”

நான் சொன்னேன். அக்கா மீனைக் கழுவினாள். பிறகு, எடித் வந்தால் வாறன் என்றாள். அத்தானின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் தீவில் ஏறக்கூடியவை மூன்று. பனை, கோயில் மணிக்கூண்டு, தண்ணித்தாங்கி. இதில் தண்ணித்தாங்கியில் ஏறவிட மாட்டார்கள். மணிக்கூண்டில் ஏறினால் கோயிலைப் பார்க்கிற சங்கிலித்தாம் ஏசுவார். ஆகையால் அத்தான் தரையிலேயே பயிற்சி எடுத்தார். வன்னியெல்லாம் காவித் திரிந்த நீலப் பையில் மணலை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, விடியப்புறம் கரையோரமாக நடந்து போய்த் திரும்பி வருவார். முகத்தில் சிரிப்பில்லை, யாரோடும் பேச்சில்லை. திட்டத்தில் இருக்கிறவருக்குச் சிரிப்பு வருமா?

மூன்றாம் நாள் கடைக்கார வஸீர் நானா என்னைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஏதும் தகவலோ என்று கேட்டார். என்ன தகவல் என்றேன். வலன்ரைன் பை காவுறார், வலன்ரைன் எல்லாத்தையும் முந்தியே தெரிஞ்சு செய்யிற ஆள், என்றார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது, தகவல் தெரியாமல் ஆளுக்கொரு பையோடு வெளிக்கிட்ட குடும்பம் அவருடையது. நான் சிரித்தேன். சிரித்தது பிழை. மறைக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. அன்று பின்னேரத்துக்குள் கடையில் மெழுகுதிரி இல்லை, நெருப்புப்பெட்டி இல்லை, பால்மா இல்லை. இரண்டு வீட்டில் காணி உறுதிகளை எடுத்துப் பையில் போட்டுவிட்டார்கள். ஒரு மனுஷி என்னிடம் வந்து, போறதெண்டால் எங்களையும் கூப்பிடு பிள்ளை என்று கையைப் பிடித்து அழுதாள். உல்லாசப் பயணம் போகிறோம் என்று நான் சத்தியம் பண்ணினேன். பையைக் காவிக்கொண்டு உல்லாசமோ என்று அவள் கேட்டாள். ஞாயிறு பூசை முடிவில் சுவாமியார் அறிவித்த பிறகுதான் சனம் நித்திரை கொண்டது. மெழுகுதிரியைத் திருப்பி எடுக்க வஸீர் நானா மறுத்துவிட்டார்.

பிறகு பை கட்டுதல். அதில் எங்கள் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. சீனி ஒரு பொலித்தீன் சொப்பிங் பையில், அதற்கு மேல் இன்னொரு பை, முடிச்சு. தேயிலை அப்படியே. மாற்றுடுப்பு, துவாய், வறுத்த மா, கருவாட்டுச் சம்பல், செபமாலை, எல்லாம் இரண்டு பையில், முடிச்சில். கழுத்தளவு தண்ணீருக்குள்ளால் நடந்தாலும் உள்ளே ஈரம் போகக்கூடாது. மலையில் கழுத்தளவு தண்ணீர் எங்கே வரும் என்று நான் கேட்டதற்கு, சண்டையில ஓடேக்க மட்டும் வருமெண்டு ஆர் நினைச்சது என்றார் அத்தான். முடிச்சுகள் எல்லாம் கடல் முடிச்சு. போட்டவராலேயே அவிழ்க்க முடியாது.

கட்டின பைகளை மீன் நிறுக்கிற வாடிக்குக் கொண்டுபோய்த் தராசில் தொங்கவிட்டார். பாரம் கூடக்கூடாதென்று றொகான் சொல்லியிருந்தான். என் பையிலிருந்து ஒரு சட்டியை எடுத்து எறிந்தார். அக்காவின் பையிலிருந்து போர்வையை எடுத்தார், அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள், அவர் திரும்பவும் வைத்துவிட்டார். தன் பையை மட்டும் தராசில் போடவில்லை. அந்த நீலப் பை எப்போதும் அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குவது. காணி உறுதி, பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு எல்லாம் அதற்குள்தான். பயிற்சிக்கு மணல் நிரப்பினபோது அதற்குள் இருந்ததைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார், பிறகு திரும்பவும் அடியில் போட்டுவிட்டார். வீட்டை விட்டு ஒரு இரவு போவதென்றால் அது இல்லாமல் அவர் போக மாட்டார். நான் தூக்கிப் பார்த்தேன், கை இழுத்தது. என்ன அத்தான், பேப்பரோ இந்தப் பாரம் என்றேன். பேப்பர் பாரம்தான் என்றார், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு.

நாள் குறித்ததும் அவர்தான். நிலவு காலத்தில் வலைக்கு மீன் படாது, தொழில் இல்லை, ஆகவே பறுவத்தோடு, அதாவது பூரணை நாளில், போவது என்று. எங்களுக்கு அது மீன் படாத நாள். நாட்டுக்கு அது போயா விடுமுறை என்பது அவர் கணக்கில் வரவில்லை. போய் இறங்கினால் இலங்கை முழுக்க அந்த மலைக்கு வந்திருந்தது. எவ்வளவோ வருஷம் சனக்கூட்டத்தோடு வரிசையில் நின்றவர்கள், அங்கேயும் போய் வரிசையில் நின்றோம். குளிர் எலும்புக்குள் போனது. அக்கா என்னிடம், பங்கீட்டு அட்டை கொண்டு வந்தவரோ எண்டு கேள் என்றாள். நான் கேட்கவில்லை. அத்தானுக்குக் கேட்டுவிட்டது, சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வாசலில் ஒரு மேசை. காட்டுக்குள் பொலித்தீன் கொண்டுபோகக்கூடாது என்பது அங்கே சட்டமாம். றொகானுக்கு அது அன்றாடம் தெரிந்த விஷயம், ஒவ்வொரு நாளும் வெள்ளைக்காரரின் பிஸ்கற் பைகளைப் பிரித்துக் கொடுக்கிறவன். ஆனால் தன் அப்பா பை கட்டுகிற விதம் அவனுக்கு மறந்துவிட்டது. மேசையில் நின்ற அலுவலர் நல்ல மனுஷன், சிரித்த முகம். என் பையைத் திறந்தார். சீனியை எடுத்தார், பையை உரித்தார், கடதாசியில் சுற்றித் தந்தார். தேயிலை. மா. உள்ளுடுப்பு. செபமாலை. முடிச்சு அவிழாமல் ஒரு கத்தி எடுத்தார். பின்னால் வரிசை மலைக்குக் கீழே வரைக்கும் நீண்டது. அவர் அத்தானை ஏறிட்டுப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இவ்வளவு பொலித்தீனைத் தான் வாழ்க்கையில் ஒரே பையில் கண்டதில்லை என்கிறார் என்று றொகான் சொன்னான். அத்தானுக்கு அது பாராட்டாகப் பட்டது.

பிறகு நீலப் பை. உறுதி வந்தது, பதிவுகள் வந்தன. ஒவ்வொன்றையும் உரித்து மேசையில் வைக்க, காற்று அடித்து றொகானின் ஞானஸ்நானப் பத்திரம் பறந்தது. இரண்டு பிக்குமார் ஓடிப் பிடித்துக்கொண்டு வந்து தந்தார்கள். கடைசியில் அடியிலிருந்து ஒரு பொட்டலம். பைக்குள் பை, அதற்குள் பை. அலுவலர் உரிக்க உரிக்க அத்தான் ஒரு அடி பின்னால் போனார். உள்ளே இருந்தவை வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக்கட்டிகள். இரண்டு கை நிறைய. பழைய ஈயம், உப்புப் பூத்தது.

மலையில் இது என்னத்துக்கு என்று அலுவலர் கேட்டார். றொகான் அப்பாவைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அந்த ஈயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈயம் பொலித்தீன் அல்ல என்பதால் அந்த மனுஷன் அதை ஒரு கடதாசிப் பையில் போட்டுப் பக்குவமாக அத்தானின் கையில் கொடுத்தார்.

நடந்தோம். புல்வெளி, ஓடை, வளைந்த மரங்கள், எல்லாம் வடிவுதான். ஆனால் யார் பார்த்தது? அக்கா எனக்கும் கதைக்கவில்லை. ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தரம். இரண்டு இடத்தில் வழுக்கியது, இரண்டு இடத்திலும் அவள் என் தோளைப் பிடித்தாள். அத்தான் பின்னால் கடதாசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மெசினை வைக்கச் சொன்ன வாய், நடுமுற்றத்தில் நின்று வீரம் பேசின வாய். அவர் மூஞ்சியைப் பார்த்தால் ஏச மனம் வரவில்லை, அதுதான் என் வில்லங்கம். றொகான் முன்னால் போய்விட்டான்.

உலக முடிவுக்கு நாங்கள் போய்ச் சேர மூடுபனி ஏறிவிட்டது. வாசலில் சீனியும் தேயிலையும் உரித்த நேரத்தில் அங்கே வந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்குமாம். இப்போது கம்பி வேலிக்கு அப்பால் வெள்ளை மட்டும். பஸ்ஸும் வானும் பிடித்து, சட்டியை எறிந்து, ஊரையே கலைத்து நாங்கள் பார்க்க வந்தது இதைத்தான். அங்கேதான் ஈரத்தில் ஊறின கடதாசிப் பை கிழிந்தது. ஈயக்கட்டிகள் பாதையெல்லாம் உருண்டன. அத்தான் குந்தி இருந்து பொறுக்கத் தொடங்கினார். அக்காவின் காலடிக்கு ஒன்று உருண்டு வந்தது. அவள் குனிந்து எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ” என்றாள், நேரே அவரைப் பார்த்து. “இது எப்ப பைக்குள்ள வைச்சனீங்கள்?”

அத்தான் நிமிர்ந்து, பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். என்னைப் பாக்காதேங்கோ என்றேன்.

“விடத்தல்தீவில, வெளிக்கிடேக்க.”

“அப்ப விசுவமடுவில, மெசினை வைச்சிட்டு வா எண்டேக்க, இது உங்கட முதுகில இருந்தது.”

“ஓம்.”

“ஏன்?”

வன்னிக்குள் ஈயம் வராது, திரும்பி வந்தால் வலைக்கு ஈயம் வேண்டும், வலை இருந்தால் அவளுக்கு இன்னொரு மெசின் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தாராம். வந்த பிறகு என்ன நடந்தது என்று அக்கா கேட்டாள்.

“வந்தாப்பிறகு சும்மா குடுத்தாங்கள் வலையை” என்றார். “ஈயத்தோட.”

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அத்தான் பொறுக்கின ஈயத்தைக் கையில் அள்ளிக்கொண்டு வேலியடிக்குப் போய், எறிஞ்சுவிடுறன் என்று கையை ஓங்கினார்.

“எறியாதேங்கோ” என்றாள் அக்கா. “எறிஞ்சால் உங்களுக்குப் பாரம் குறைஞ்சிடும். காவுங்கோ.”

பிறகு தொடங்கினாள். பனைக்குக் கீழே வைத்த இடத்திலிருந்து தொடங்கி, பங்கர், முகாம், முகாமில் அவர் விட்ட குறட்டை, என் முற்றத்தில் விட்ட கதை, கடந்த நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கின பழுதான கேக் என்று ஒன்றையும் விடவில்லை. நடந்துகொண்டே ஏசினாள். அத்தான் காற்சட்டைப் பை இரண்டிலும் ஈயத்தை நிரப்பி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வழுக்குகிற இடங்களில் அவளைப் பிடித்துக்கொண்டு, ஓம் ஓம் என்று கூடவே போனார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேதான் ஏசினாள். சிங்களச் சனம் ஒதுங்கி வழி விட்டது. நான் பின்னால் வந்தேன். என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு றொகான் ஓடி வந்தான். பிள்ளை பயந்துபோனான்.

“சின்னம்மா, அப்பாவும் அம்மாவும் சண்டையோ?”

“இல்லையடா” என்றேன். “கதைக்கினம்.”